ஆறின தாச்சி

எந்தச் சமையல்காரனுக்குக் கை இருக்கிறது, எவனுக்கு வாய் மட்டும் இருக்கிறது என்பது கோப்பை கழுவுகிறவனுக்குத்தான் முதலில் தெரியும். 1987 குளிர்காலம். பாரிஸ் 11-ஆம் வட்டாரத்தில் ஒரு சின்ன உணவகத்தின் பின்கட்டு. வெந்நீர்த் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டபடி நின்ற யாழ்ப்பாணத்துப் பையனுக்கு அப்போது வயது 21. பிரெஞ்சில் ஐம்பது சொல் தெரிந்திருந்தால் அதிகம். தாச்சிகளின் பாஷை மட்டும் விளங்கியது.

வாத்து நெஞ்சு பொரிப்பவர்கள் அங்கே இரண்டு பேர். ஒருவர் அனுப்பும் தாச்சியில் தேன் நிறத்தில் மெல்லிய படலம் இருக்கும். கடதாசியால் ஒரு துடைப்பு, முடிந்தது. மற்றவருடையது நடுவில் கரிந்து, ஓரத்தில் உருகாத கொழுப்பு வெள்ளை வெள்ளையாய்த் திரண்டு, புகை நாற்றத்தோடு வந்து சேரும். அதைச் சுரண்டக் கம்பிச் சுருள் போதாது, பழைய கத்தி வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே வாத்து, ஒரே அடுப்பு. எங்கே பிசகுகிறது என்று தொட்டியடியில் நின்று யோசித்ததுதான் தன் முதலாம் வகுப்பு என்கிறார் அவர். இன்று அவர் அறுபதைத் தொடுகிறார். பத்தாம் வட்டாரத்தில் முப்பது பேர் உட்காரக்கூடிய ஓர் உணவகத்தின் அடுப்பு அவர் பொறுப்பில் இருக்கிறது. வாரத்துக்கு அறுபது என்று குறைத்துக் கணக்கிட்டாலும், முப்பது வருடத்தில் எண்பதினாயிரம் வாத்து நெஞ்சுகளாவது தன் கையால் திருப்பியிருப்பார் என்பது அவருடைய கணக்கு.

எண்பதுகளில் இலங்கைத் தமிழருக்கு பாரிஸில் முதலில் திறந்தது குசினியின் பின்கதவுதான். மொழி வேண்டாம், பத்திரம் கேட்பது குறைவு, இரண்டு வேளைச் சாப்பாடு நிச்சயம். கோப்பை கழுவி, உருளைக்கிழங்கு சீவி, சலாது அலசி, ஐந்தாறு வருடத்தில் அடுப்படிக்கு நகர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 2023-இல் பாரிஸின் சிறந்த பகெத் ரொட்டிக்கான பரிசை தர்ஷன் செல்வராஜா வென்றபோது பிரெஞ்சுப் பத்திரிகைகள் ஆச்சரியப்பட்டன. தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதியில் யாரும் ஆச்சரியப்படவில்லை. பாரிஸின் நல்ல சாப்பாட்டில் பாதியை யார் செய்கிறார்கள் என்பது அங்கே பழைய செய்தி.

குசினி என்ற சொல்கூட ஊரிலிருந்து கூடவே வந்தது. போர்த்துக்கேயரிடம் யாழ்ப்பாணம் வாங்கிய சொல் அது. பிரெஞ்சுக்காரரின் 'குய்ஸீன்' அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். முதல் நாள் தலைமைச் சமையல்காரர் கதவைக் காட்டி அந்தச் சொல்லைச் சொன்னபோது, இந்த மனுசனுக்குத் தமிழ் தெரியுமோ என்று ஒரு கணம் நினைத்தாராம்.

*

வாத்தை அவருக்கு முன்பே தெரியும். ஊரில் அதற்குப் பெயர் தாரா. அம்மம்மா வீட்டுக் கிணற்றடியில் நாலைந்து திரியும். முட்டைக்குத்தான் வளர்ப்பது, முட்டை நின்றுபோனால் சட்டிக்கு. மிளகும் சீரகமும் அரைத்துப் போட்டு விறகடுப்பில் இரண்டு மணி நேரம் கிடக்கும். எலும்பிலிருந்து இறைச்சி தானாகக் கழன்றால்தான் இறக்குவார்கள். தமிழ்நாட்டில் அறுவடை முடிந்த வயலில் மேய்கிற வாத்துக்கும் குட்டநாட்டு வாத்துக்கும் இதே வைத்தியம்தான். நாள் முழுக்க நடந்தும் நீந்தியும் இரை தேடிய பறவை, அதிலும் முட்டையிட்டு ஓய்ந்தது. அதன் இறைச்சி இறுகலாக இருக்கும், நேரம் கொடுத்தால்தான் இளகும். அம்மம்மா செய்தது சரி. அந்தச் சரியை வைத்துக்கொண்டு பாரிஸில் தான் செய்தது பிழை என்கிறார்.

வேலையாட்களுக்குப் பகல் பதினொரு மணிக்குச் சாப்பாடு. சேர்ந்து மூன்றாம் வாரமோ நாலாம் வாரமோ, தலைமைச் சமையல்காரர் ஒரு வாத்து நெஞ்சை விரல் தடிப்பில் வெட்டி, நாலு துண்டு அவருடைய தட்டிலும் வைத்தார். உள்ளே ரோசாப்பூ நிறம். தட்டில் சிவப்பாக நீர் கசிந்தது. வேகவில்லை என்று நினைத்தார். ஒருவரும் பார்க்காத நேரம் பார்த்து, தட்டோடு எழுந்து போய், ஓர அடுப்பில் துண்டுகளைப் போட்டு இன்னும் ஐந்து நிமிடம் வாட்டினார். சாம்பல் நிறமானது. செருப்புத் தோல்போல் இழுபட்டது. வாயில் வைத்தால் ஈரல் மணம்.

தலைமைச் சமையல்காரர் பார்த்துவிட்டார். திட்டவில்லை. அந்தத் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து மென்று, குப்பைத் தொட்டியில் துப்பிவிட்டு, தன் தட்டிலிருந்த ஒரு துண்டை முள்ளுக்கரண்டியால் குத்தி நீட்டினார்.

"இதைச் சாப்பிடு. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடு."

கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். மாட்டிறைச்சிபோலவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது. மேலே தோல் அப்பளம்போல் நொறுங்கியது. அதற்குக் கீழே ஒரு நெய்த்தன்மை, அதற்கும் கீழே மெத்தென்ற இறைச்சி.

தட்டில் கசிந்த சிவப்பு இரத்தமில்லை என்பது தெரிய அவருக்குச் சில வருடங்கள் ஆயின. தசைக்குள் ஒக்சிசனைச் சேமித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தின் நிறம் அது. கோழிக்குச் சிறகு வேலி தாண்ட மட்டும். பத்து விநாடி படபடப்பு, பிறகு ஓய்வு. அதற்கேற்ற வெள்ளைத் தசை அதன் நெஞ்சில். வாத்தின் மூதாதையர் கண்டம் விட்டுக் கண்டம் பறந்தவர்கள். மணிக்கணக்கில் சிறகடிக்க ஒக்சிசன் இடைவிடாமல் வேண்டும், அதனால் நெஞ்சு சிவந்த தசை. பண்ணை வாத்துக்கு உடம்பு கனத்துப் பறக்க முடியாமல் போனாலும் தசை பழசை மறக்கவில்லை. ஆகவே சட்டியில் அதைக் கோழியாக நடத்தக்கூடாது. உள்சூடு 55 பாகை செல்சியஸ் பக்கம் நிற்கும்போது மெத்தென்றிருக்கும். 65-ஐத் தாண்டினால் தசை சுருங்கித் தன் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். அவர் ஓர அடுப்பில் செய்தது அதைத்தான்.

*

அந்தத் தலைமைச் சமையல்காரர் தென்மேற்கு பிரான்ஸில் கஸ்கோன் பக்கத்து ஆள், ஜெர் மாவட்டத்தவர். அந்த மாவட்டத்தின் தலைநகர் ஓஷ். அங்கே ஓட்டல் து பிரான்ஸை நடத்திய அந்த்ரே தகேன்தான் வாத்து நெஞ்சை மாட்டு ஸ்டேக் மாதிரி, உள்ளே சிவப்பாக, பொரித்துப் பரிமாறி நாடறியச் செய்தவர். 1959 வாக்கில் தொடங்கிய வேலை. அதற்கு முன் அந்தப் பக்கத்தில் வாத்தென்றால் பெரும்பாலும் கொன்ஃபிதான். உப்பிட்டு, அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் மெல்ல வேகவைத்து, அதே கொழுப்புக்குள் புதைத்து மாதக்கணக்கில் வைத்துக்கொள்வது. குளிர்பெட்டி இல்லாத காலத்துக் குடியானவரின் சேமிப்பு. நெஞ்சும் அந்தச் சாடிக்குள்ளேயே போகும். தகேன் அதை வெளியே எடுத்தார். "எங்கள் பக்கத்துக் கிழவிகள் அவனைப் பைத்தியம் என்றார்கள்" என்பாராம் இவருடைய தலைவர். தகேன் 2019 டிசம்பரில் காலமான செய்தி வந்த அன்று, அந்தத் தலைவர் தான் ஓய்வு பெற்றுப் போன ஊரிலிருந்து இவருக்குத் தொலைபேசியில் அழைத்து, வெகுநேரம் வேறு எதையெதையோ கதைத்தார்.

அந்த நெஞ்சுத் துண்டின் மக்ரே என்ற பெயரும் கஸ்கோன் பேச்சிலிருந்து வந்ததுதான். மெலிந்தது, கொழுப்பில்லாதது என்று அர்த்தம். விரல் தடிப்புக் கொழுப்பைப் போர்த்திக்கொண்டு வருகிற துண்டுக்கு இப்படி ஒரு பெயர் என்று புதிதாக வருகிற பையன்கள் எல்லாரும் சிரிப்பார்கள். தோலை உரித்துப் பார்த்தால் பெயர் சரி. உள்ளே இறைச்சியில் ஒரு நரம்புக் கொழுப்புக்கூட இருக்காது. முழுவதும் மேலே, தோலுக்கடியில் மட்டும்.

அந்தப் பெயரை எல்லா வாத்துக்கும் வைக்க முடியாது. ஃபுவா கிரா என்னும் கொழுத்த ஈரலுக்காக ஊட்டி வளர்த்த பறவையின் நெஞ்சுக்கு மட்டுமே மக்ரே என்று பெயர். தோலும் கொழுப்பும் இருக்க வேண்டும், உள்ளே ஒட்டியிருக்கும் சிறு தசையை நீக்கியிருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியே சொல்கிறது. மற்ற வாத்தின் நெஞ்சு வெறும் 'பிலே'. அந்தச் சிறு தசையை எகுயியெத் என்று தனியாக விற்பார்கள். அவருடைய வீட்டில் பிள்ளைகளுக்குப் பிடித்தது அதுதான்.

பிலேயை வாங்கிப் பட்டியலில் மக்ரே என்று எழுதிய இடத்திலும் அவர் எட்டு மாதம் வேலை செய்திருக்கிறார். பரிமாறுகிறவர்களுக்குத் தெரியாது. சாப்பிடுகிறவர்களில் பத்துக்கு ஒருவருக்குத் தெரியும். அந்த ஒருவர் மறுபடி வரமாட்டார்.

*

1991-இல் ஒரு சனிக்கிழமை இரவு. தாச்சியைக் கரியாக்குகிற அந்த இரண்டாமவர் வேலைக்கு வரவில்லை. கோப்பைத் தொட்டியிலிருந்து காய்கறி மேசை வரை வந்திருந்தவரை அன்று அடுப்புக்கு இழுத்துவிட்டார்கள். நாலு வருடம் பார்த்துக்கொண்டே இருந்த வேலை, தெரியாதா என்ற தைரியம். தாச்சியைப் புகை வரும்வரை காய வைத்தார். மாட்டிறைச்சிக்கு அப்படித்தானே செய்கிறார்கள்? வாத்து நெஞ்சைத் தோல் கீழே இருக்கும்படி போட்டார். சீறிக்கொண்டு வந்தது கொழுப்பு. துண்டு சுருங்கிக் கிண்ணம்போல் வளைந்தது. மூன்று நிமிடத்தில் தோல் கறுத்துவிட்டது. திருப்பினார். கறுத்த தோலுக்கடியில் கொழுப்பு அப்படியே, அவித்த முட்டையின் வெள்ளைபோல, அசையாமல் கிடந்தது. பரிமாறிய நாலு தட்டில் மூன்று திரும்பி வந்தன.

தலைவர் வந்தார். காய்ந்த தாச்சியை எடுத்துத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்தார். புகை அடங்கியதும் துடைத்து, பற்றவைக்காத அடுப்பில் வைத்தார். எண்ணெய் விடவில்லை. நெஞ்சுத் துண்டைத் தோல் கீழே வரும்படி வைத்தார். அதன்பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தார், அதுவும் மெல்லிய தீ.

"இப்ப கையைக் கட்டிக்கொண்டு நில். இதுதான் வேலை."

இரண்டாமவர் இத்தனை நாள் கெடுத்தது எதை என்பது அந்த நிமிடத்தில் அவருக்கு விளங்கியது. தொட்டியடியில் நாலு வருடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் ஆறின தாச்சி. கொழுப்புக்கு உருக நேரம் வேண்டும். சூடான இரும்பில் தோல் விழுந்த உடனே அது இறுகிக் கரிந்துவிடும். உள்ளேயிருக்கும் கொழுப்புக்கு வெளியேற வழி அடைபடும். ஆறின இரும்பிலிருந்து சூடு மெல்ல ஏறும்போது முதலில் கொழுப்பு உருகி வடிகிறது, பிறகு தோலின் நீர் ஆவியாகிறது, கடைசியில்தான் தோல் சிவக்கிறது. அத்தனை நேரமும் மேலேயுள்ள இறைச்சிக்குக் கொழுப்பே குடை பிடிக்கிறது. 380 கிராம் துண்டுக்குத் தோல் பக்கம் பதினொன்று, பன்னிரண்டு நிமிடம். இறைச்சிப் பக்கம் மூன்று. சமையல் முழுவதும் தோலுக்கு. இறைச்சி கூடவே வந்து சேர்ந்துகொள்ளும்.

இந்த வேலையை அவர் காதால் செய்கிறார். முதல் இரண்டு நிமிடம் சத்தமே இராது. பிறகு கிடுகுக் கூரையில் தூறல் விழுவதுபோல ஒன்று தொடங்கும். அது மழையாக வலுக்கும். அப்போது தாச்சியைச் சாய்த்து, உருகியதை ஒரு கிண்ணத்தில் ஊற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் துண்டு கொழுப்பில் நீந்தும். மறுபடி தூறல், மறுபடி ஊற்று. மூன்றாம் தரம் ஊற்றியபின் சத்தம் மெலிந்து, கூர்மையாகி, விட்டுவிட்டுக் கேட்கும். தோலில் நீர் முடிந்துவிட்டது. திருப்பலாம். இந்தச் சத்த மாற்றத்தை வேறு ஆளுக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று கேட்டால், அடுப்புக்கு மேலேயுள்ள புகையுறிஞ்சியை நிறுத்திவிட்டுச் சொல்லிக் கொடுக்கலாம் என்கிறார். நிறுத்தினால் பக்கத்தில் மீன் பொரிப்பவர் சண்டைக்கு வருவார்.

*

கத்தி வேலை அதற்கு முன். வாத்து நெஞ்சு குளிர்பெட்டியிலிருந்து நேரே பலகைக்கு வர வேண்டும். கொழுப்பு இளகினால் கத்தி வழுக்கும். இறைச்சிப் பக்கம் மேலே திருப்பி, வெள்ளிபோல் மினுங்கும் சவ்வை எடுக்க வேண்டும். நீளவாட்டில் ஓடுகிற நரம்பைப் பெருவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அழுத்தி நீவினால் உறைந்த இரத்தம் கறுப்பாக வெளியே வரும். இதைச் செய்யாமல் விட்டால் பொரித்து வெட்டும்போது நடுத்துண்டில் கறுத்த பொட்டு தெரியும். பிறகு திருப்பி, தோலில் சாய்சதுரக் கோடுகள், விரல் அகல இடைவெளியில். தோலும் கொழுப்பும் வெட்டுப்பட வேண்டும், இறைச்சியில் கத்தி படக்கூடாது. பட்டால் சாறு கொழுப்பில் இறங்கி வெடிக்கும். அவருடைய இடது மணிக்கட்டில் அரிசி மணி அளவில் மூன்று வெள்ளைத் தழும்புகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே இரவில் வந்தவை.

உப்புத் தோல் பக்கம் முதல் நாளே போடுகிறார். மூடாமல் குளிர்பெட்டியில் ஓர் இரவு கிடந்தால் தோல் காய்ந்து கடதாசிபோலாகும். இறைச்சிப் பக்கம் உப்பு தாச்சியில் வைக்கும் நேரத்தில் மட்டும். மிளகு கடைசியில், பொரித்தபின். முன்பே போட்டால் மிளகு கருகிக் கசக்கும். வெந்ததும் கம்பித்தட்டில் தோல் மேலே இருக்கும்படி எட்டு நிமிடம் சும்மா விடுவார். அடுப்பிலிருந்து 51, 52 பாகையில் எடுத்தது அந்த எட்டு நிமிடத்தில் தானாக 55-க்கு வந்துவிடும். நேரம் இல்லை என்று உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகைக்கு.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு முறை, எல்லாம் முறைப்படி செய்தும் தொடர்ந்து மூன்று நாள் இறைச்சி வறண்டு போயிற்று. தீ அதே தீ, தாச்சி அதே தாச்சி. தன் காதில்தான் கோளாறோ என்று யோசித்தார். நாலாம் நாள் ஒரு துண்டைத் தராசில் வைத்தபோதுதான் தெரிந்தது. சரக்குக் கொண்டு வருகிறவர் சொல்லாமலே பறவையை மாற்றிவிட்டார். முலார் வரவேண்டிய இடத்தில் பார்பரி வந்திருக்கிறது.

இந்த இனக் கதை சுவையானது. பார்பரி என்று பிரெஞ்சுக்காரர் சொல்வதும் மஸ்கோவி என்று ஆங்கிலேயர் சொல்வதும் ஒரே பறவைதான். முகத்தில் சிவப்பாகத் தசைச் சொரி உள்ள பெரிய வாத்து. அது வட ஆப்பிரிக்கக் கரைக்காரனும் இல்லை, மொஸ்கோக்காரனும் இல்லை. மெக்சிக்கோவிலிருந்து தென்னமெரிக்கா வரையுள்ள பறவை. அதன் ஆணையும் வெள்ளைப் பெக்கின் இனப் பெட்டையையும் சேர்த்து, பெரும்பாலும் செயற்கைக் கருவூட்டலில், பிறப்பிப்பது முலார். கோவேறு கழுதை மாதிரி அதற்குக் குஞ்சு பொரிக்க வழியில்லை. கொழுக்க மட்டும் தெரியும். பார்பரி நெஞ்சில் கொழுப்பு மெலிது, தோல் பக்கம் ஏழெட்டு நிமிடம் போதும். பெக்கினுக்கு இறைச்சி 200 கிராம் அளவுதான், ஆனால் அந்தச் சிறு உடம்புக்குக் கொழுப்பு அதிகம். தீ இன்னும் மெல்லியதாக வேண்டும். 'வாத்து நெஞ்சு, பன்னிரண்டு நிமிடம்' என்று புத்தகத்தில் எழுதியிருப்பதை நம்பிச் சமைப்பவர்கள் எந்த வாத்து என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. அன்றிலிருந்து பெட்டி வந்து இறங்கியதும் ஒரு துண்டைத் தராசில் வைக்காமல் அவர் கையெழுத்துப் போட்டதில்லை.

*

உள்ளே சிவப்பாக இருப்பதைத் தமிழர் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? இதைக் கேட்டால் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். 2004-இல் ஊரிலிருந்து வந்த பெரியம்மாவை ஒரு ஞாயிறு உணவகத்துக்கு அழைத்துப் போனார். முதலாளியே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். தட்டு வந்தது. பெரியம்மா ஒரு துண்டைக் கத்தியால் புரட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது இன்னும் சாகேல்லப் போல கிடக்கு."

வீட்டிலும் மனைவி அந்த நிறத்தை இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்கு அவர் கண்ட வழி வேறு. பச்சை நெஞ்சைத் தோலோடு கடதாசித் தடிப்பில் சீவி, ஆறின தாச்சியில் அதன் கொழுப்பு உருகும்வரை விட்டு, கொழுப்பைப் பாதி ஊற்றிவிட்டு, தீயைக் கூட்டி, உள்ளி, கறிவேப்பிலை, இடித்த மிளகு, கடைசியில் தேசிக்காய். நாலு நிமிடப் பிரட்டல். மெல்லிய துண்டு ஆகையால் முழுக்க வெந்தும் இறுகுவதற்கு நேரம் இருக்காது. ஊற்றிய கொழுப்பு போத்தலுக்குப் போகும். அந்த வீட்டில் உருளைக்கிழங்கு வேறெதிலும் பொரிபடுவதில்லை.

உணவகத்தில் 'நன்றாக வெந்தது வேண்டும்' என்று கேட்பவர்களுக்குத் தலைவர் காலத்தில் மறுப்புத்தான் கிடைக்கும். இவர் மறுப்பதில்லை. கொன்ஃபி செய்த காலை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆளனுப்புவார். அதற்கும் மசியாவிட்டால், பொரித்த நெஞ்சை மெல்லச் சீவி, சூடான சாறை மேலே ஊற்றி அனுப்புவார். சாறின் சூட்டில் நிறம் போய்விடும், மெத்து போகாது. அமெரிக்கப் பயணிகள் சிலர் கைபேசியில் தங்கள் அரசின் விதியைக் காட்டியிருக்கிறார்கள். அங்கே எல்லாப் பறவை இறைச்சிக்கும் பரிந்துரை 74 பாகை. அவர்களோடு அவர் வாதாடுவதில்லை. வீட்டில் சிறு பிள்ளையோ, கர்ப்பிணியோ, வருத்தக்காரரோ இருந்தால் தானும் நன்றாக வேகவைத்துத்தான் கொடுப்பாராம்.

வெப்பமானி அவருடைய அடுப்படிக்கு வந்தது 2000-க்குப் பிறகுதான். முதலில் அவமானமாக இருந்தது. காது இருக்கும்போது கம்பி எதற்கு? ஆனால் நிறையத் தட்டுகள் ஒன்றாக வெளியேறுகிற இரவுகளில் காது களைத்துப் போகும், கம்பி களைக்காது. இப்போது இரண்டையும் வைத்திருக்கிறார். தோலுக்குக் காது, இறைச்சிக்குக் கம்பி.

அவர் ஒத்துக்கொள்ளாதது பையில் வேகவைக்கும் முறையை வாத்து நெஞ்சுக்கு அப்படியே பிரயோகிப்பது. காற்றுறிஞ்சிய பையில் போட்டு, அளந்த சூட்டு நீரில் கிடத்தும் அந்த முறை பிரான்ஸில் புகழ் பெற்றதே கொழுத்த ஈரலால்தான். 1974-இல் ரொவானில் துருவாக்ரோ சகோதரர்களின் உணவகத்துக்காக ஜோர்ஜ் ப்ரலூஸ், ஈரல் கொழுப்பை இழக்காமல் வேகவைக்க வழி தேடியபோது உருவானது. ஈரலில் கொழுப்பு வெளியேறக்கூடாது. நெஞ்சில் கொழுப்பு வெளியேறியே ஆகவேண்டும். இரண்டும் நேர் எதிர். 57 பாகை நீரில் இறைச்சி பிசகில்லாமல் வரும், தோல் நனைந்த சப்பாத்து மாதிரி வரும். ஓர் இடத்தில் காலையிலேயே எல்லாவற்றையும் பையில் வேகவைத்து, இரவில் ஒரு நிமிடம் தோலைச் சுட்டுப் பரிமாறச் சொன்னார்கள். பயிற்சி இல்லாத ஆளை வைத்து ஓட்டலாம் என்பது கணக்கு. தொட்டியடிப் பையன் ஒருநாள் சொன்னானாம்: "அண்ணை, இந்தத் தாச்சியில கழுவ ஒண்டுமில்லை." அந்த மாதத்தோடு அவர் அங்கிருந்து விலகினார்.

*

ஃபுவா கிராவைப் பற்றிக் கேட்காமல் இந்தப் பேச்சு முடியாது. கடைசிப் பத்துப் பன்னிரண்டு நாள் குழாய் வைத்துச் சோளம் புகட்டுவது, ஈரல் பல மடங்கு வீங்குவது, எல்லாம் அவர் பார்த்தது. தலைவரோடு ஒருமுறை ஜெர் மாவட்டத்துக்குப் போய், ஒரு கொட்டிலில் நின்று பார்த்தார். விதிப்படி ஈரல் 300 கிராமுக்குக் குறையக்கூடாது. கலிபோர்னியா 2012-இல் விற்பனைத் தடையை நடைமுறைப்படுத்தியதும் 2014-இல் இந்தியா இறக்குமதியைத் தடை செய்ததும் அவருக்குத் தெரியும். தன் உணவகத்தில் ஈரலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மக்ரேயை மட்டும் வைத்திருந்த காலமும் உண்டு. "ஈரலைத் தின்னமாட்டன், அதே தாராவின்ர நெஞ்சைத் தின்னுவன் எண்டால் யாரை ஏமாத்திறன்?" என்று அவரே கேட்டுக்கொள்கிறார். இப்போது பட்டியலில் பார்பரி பிலேதான் அதிகம், ஊட்டாமல் வளர்ந்தது. மக்ரே குளிர்காலத்தில் மட்டும்.

பறவைக் காய்ச்சல் இந்த மாற்றத்துக்குப் பாதிக் காரணம். 2015-16 குளிர்காலத்திலிருந்து தென்மேற்கில் அலை அலையாக வந்தது. 2021-22-இல் பிரான்ஸ் முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்ட பறவைகளை அழித்தார்கள். ருங்கிஸ் மொத்தச் சந்தையின் கோழி-வாத்து மண்டபத்தில் விடிகாலை நாலு மணிக்குப் போய் நின்றாலும் நல்ல முலார் கிடைக்காத வாரங்கள் இருந்தன. கிடைத்தாலும் விலை கையைச் சுட்டது. 2023 அக்டோபரில் அரசு வாத்துகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியபின் சரக்கு மெல்லத் திரும்பியது.

அதற்கு முன் வந்தது மற்றக் காய்ச்சல், கொரோனா. 2020 மார்ச் 14, சனிக்கிழமை. இரவுக் கூட்டம் நிரம்பத் தொடங்கிய நேரத்தில், நள்ளிரவோடு எல்லா உணவகமும் மூடவேண்டும் என்று பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தார். குளிர்பெட்டியில் அந்த வாரத்து மக்ரே 36 கிடந்தன. கடைசி வாடிக்கையாளர் போனபின் கோப்பைத் தொட்டியடி மேசையில் எல்லோரும் நின்று, பெட்டியிலிருந்த கல்லுப்பு முழுவதையும் கொட்டினார்கள். தோல் கீழே, இறைச்சி மேலே, உப்பால் மூடு. ஆளுக்கு நாலைந்து துண்டு என்று பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு, ஓடுகிற கடைசி மெட்ரோவைப் பிடிக்க ஓடினார்கள். நாளைக்கு மதியம் உப்பைத் தட்டி, கழுவி, ஒற்றித் துடைத்து, மிளகு பூசி, துணியில் சுற்றிக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள், மூன்று கிழமை திறக்காதீர்கள் என்று படிக்கட்டில் இறங்கிக்கொண்டே கத்தினார்.

மூன்றாம் கிழமை அவர் துணியைப் பிரித்தபோது துண்டு கறுத்து இறுகி, எடையில் மூன்றில் ஒரு பங்கை இழந்திருந்தது. கொழுப்பு மட்டும் மெழுகு வெள்ளை. அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா ஊரிலிருந்து காணொளியில் வந்தார். கைபேசியை அதற்கு நேரே பிடித்தார்.

"என்னடா அது, கருவாடோ?"

"ஓம் பெரியம்மா. தாராக் கருவாடு."

"வேக வைக்கேல்லையோ?"

"இல்லை. இப்பிடியேதான் சீவித் தின்னிறது."

பெரியம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, புளியைக் கரைச்சு ஒரு குழம்பு வைச்சாலென்ன என்று கேட்டார்.

ஜூன் 15-ஆம் தேதி பாரிஸில் உணவகங்களின் உட்கூடம் திறந்தபோது ஒவ்வொருவரும் மிச்சம் இருந்ததைக் கொண்டு வந்தார்கள். மேசையில் பரப்பி, கடதாசித் தடிப்பில் சீவி, அடுத்தவருடையதைச் சுவைத்துப் பார்த்தார்கள். கோப்பை கழுவுகிற மாலி நாட்டுப் பையனுடையதுதான் நன்றாக வந்திருந்தது. உப்பிட்ட அன்றிரவு, களைப்பில் மதியம் தாண்டியும் தூங்கிவிடுவேன் என்று பயந்து, விடிகாலையிலேயே எழுந்து உப்பைக் கழுவிவிட்டானாம். இவருடையது உப்புக் கரித்தது. பன்னிரண்டு மணி நேரம் என்று மற்றவர்களுக்குச் சொன்னவர், செய்தி கேட்டுக்கொண்டே இருந்ததில், தன் துண்டுகளை இருபது மணி நேரம் உப்பில் விட்டுவிட்டார்.